வாப்பா அனுப்பிய க்ரீம்

நவ. 7, வெள்ளி

விடிந்ததிலிருந்து மழை. துணி ஒன்றும் காயவில்லை.

ஜும்ஆ தொழுகை முடிந்து இவர் துபாயிலிருந்து கூப்பிட்டார். வழக்கம்போல ரிஸ்வானா கேமராவை மூடிக்கொண்டு பேசினாள். "நெட்டு சரியில்ல வாப்பா." நெட்டுக்கு ஒரு கேடும் இல்லை. கன்னம் முழுக்கப் பரு.

அவள் எழுந்து போனதும் இவர் கேட்டார்: "புள்ளைக்கு எம்மேல என்ன கோவம்?" கோபமெல்லாம் இல்லைங்க என்றேன். நம்பவில்லை.

பள்ளிக்கூடம் திறந்ததிலிருந்து தஞ்சாவூர் டாக்டரம்மாவிடம் வைத்தியம். களிம்பு, மாத்திரை எதுவும் தவறவில்லை. குறைந்தபாடில்லை. எதிர்வீட்டு மைனி கடலை மாவு பூசச் சொல்கிறாள். மீன்காரம்மா சொல்கிறாள், "கல்யாணமானா தானா போயிரும்." பதினாறு வயசுப் பிள்ளைக்கு! மீனை மட்டும் வாங்கிக்கொண்டேன்.

வாங்க: டீத்தூள், கொசுவத்தி, ரி.க்குத் தலையணை உறை.

நவ. 10, திங்கள்

ரி.யோடு தஞ்சாவூர். பட்டுக்கோட்டை தாண்டியதும் இரண்டு பக்கமும் நட்ட வயல், வரப்பு வரை தண்ணீர். ரி. துப்பட்டாவால் முகத்தை மூடியபடியே வந்தாள்.

முகத்தில் படுகிற எல்லாவற்றையும் எடுத்து வரச் சொல்லியிருந்தார் டாக்டரம்மா. சோப்பு, பவுடர், எல்லாம் மேசையில். அவர் கை நேராக ஒரு சின்ன டப்பாவுக்குப் போனது. இவர் கார்கோவில் அனுப்பிய க்ரீம். முகம் பளிச்சென்று ஆகுமாம்.

"வேற எதுவும் போடுறியான்னு ஒவ்வொரு தடவையும் கேட்டேனேம்மா?"

"இது மருந்து இல்லையே டாக்டர். வாப்பா அனுப்புனது."

டாக்டரம்மாவுக்குத் திட்டவும் மனசு வரவில்லை. இந்த மாதிரி க்ரீமில் ஸ்டீராய்டு கலந்திருக்குமாம். முதலில் முகம் வெளுக்கும், பிறகு பருவாகக் கிளம்பும். "நான் ஒரு பக்கம் தண்ணிய எறைக்கிறேன், நீ மறுபக்கம் மடையத் திறந்து விட்டிருக்க." நிறுத்தினால் கொஞ்ச நாள் இன்னும் கூடும், பயப்படாதே என்றார். மருந்தும் மாற்றினார்.

திரும்பும்போது பஸ்ஸில்: "உம்மா, வாப்பாட்ட சொல்லாதீங்க. மனசு ஒடஞ்சிருவாங்க." சொல்லிவிட்டு என் தோளிலேயே தூங்கிப்போனாள். என் தங்கம்.

நவ. 12, புதன்

சொன்னபடியே கூடிவிட்டது. முகம் சிவந்து எரிச்சல். பள்ளிக்குப் போக மாட்டேன் என்று அழுகை. ஈரத்துணி வைத்தேன்.

டப்பாவைக் குப்பையில் போடச் சொல்லியிருந்தேன். போடவில்லை. அலமாரியில், வாப்பா சட்டைக்கு அடியில் வைத்திருக்கிறாள். பார்த்தும் பார்க்காத மாதிரி வந்துவிட்டேன்.

நவ. 14, வெள்ளி

நல்ல வெயில். தலையணை, போர்வை எல்லாம் மாடியில். சோற்றுக்கு மீன் ஆணம்.

இவர் கூப்பிட்டார். ரி. மறுபடி கேமராவை மூடினாள். "இன்னமும் கோவந்தானா?" என்று இவர் கேட்ட குரல் எனக்குத் தாங்கவில்லை. சொல்லிவிட்டேன். கோபம் இல்லைங்க, முகத்தைக் காட்ட வெட்கம், அந்த க்ரீம் பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ரி. என்னை முறைத்தாள்.

இவர் மெதுவாகச் சொன்னார்:

"எங் கன்னத்துல போட்டுப் பாத்துட்டுத்தானே அனுப்புனேன். புள்ளைக்கு எரியுமோன்னு. எனக்கு ஒண்ணும் செய்யலயே..."

ரி. என் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள். கேமராவைத் திறந்தாள்.

"எந்தக் கன்னம் வாப்பா? காட்டுங்க."

இவர் கன்னத்தைக் கொண்டுவந்து போனில் ஒட்டினார். "எனக்கும் இங்கதான்" என்று இவளும் ஒட்டினாள். இப்படி வைத்தால் ஒருத்தர் முகம் ஒருத்தருக்கு எங்கே தெரியும்? இரண்டு பேரும் எடுப்பதாக இல்லை.

ஆணம் ஆறிப்போச்சு.