கைதட்டிய தெரு

ஹார்ப்பர்டன், ஒஹாயோ
செப்டம்பர் 9, 2018

அன்புள்ள வெர்னாவுக்கு,

நான் சௌக்கியம். முழங்கால் மட்டும் சௌக்கியமில்லை. அரிசோனா வெயில் உன்னை இன்னும் பொரித்து எடுக்கவில்லையே என்று கேட்டு எழுதுகிறேன். போனில் பேசினால் உனக்குக் காது கேட்பதில்லை. கேட்டாலும் "சரி சரி, வெச்சிடறேன்" என்று வைத்துவிடுகிறாய். நீ போய் ஒன்றரை வருஷத்தில் எனக்கு வந்தது இரண்டு வாழ்த்து அட்டை. அதிலும் வெறும் கையெழுத்து. முப்பத்தொரு வருஷம் எதிரெதிர் வீட்டில் இருந்தவர்கள் இப்படியா இருப்பார்கள்?

விஷயத்துக்கு வருகிறேன். உன் வீட்டை வாங்கிய டெஸ் நேற்று கதவைத் தட்டினாள். கையில் ஓர் எலும்புக் கை! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"மிசஸ் ப்ரூயிட், மழை ஒழுகுதேன்னு கராஜ் பரண்ல ஏறினேன். அங்க ஒரு பட்டாளமே படுத்துக் கிடக்கு. பதினெட்டு எலும்புக்கூடு எண்ணினேன். ஒண்ணு கல்யாண கவுன் போட்டிருக்கு. யாரு இவங்கல்லாம்?" என்றாள்.

உட்கார வைத்துக் கதை சொன்னேன். அழகு நிலையம் நடத்திய வெர்னா ஹ்லவாட்டி என்று ஒருத்தி இருந்தாள். அக்டோபர் கடைசியில் பிள்ளைகள் பேய் வேஷம் போட்டு மிட்டாய் கேட்டு வரும் ஒவ்வொரு ஹாலோவீனுக்கும் தன் வீட்டு முன்புறத்தை இந்த மாவட்டமே வந்து பார்க்கும்படி ஆக்குவாள். ஒரு வருஷம் எலும்புக்கூடுகளுக்கெல்லாம் விக் மாட்டி, முடி உலர்த்தும் இயந்திரத்துக்கு அடியில் வரிசையாக உட்கார வைத்துப் பத்திரிகை படிக்க வைத்தாள் என்றெல்லாம் சொன்னேன். அந்தப் பெண்ணுக்குக் கண் விரிந்துபோயிற்று. இந்த வருஷம் எல்லாவற்றையும் எடுத்து வைக்கலாமா என்று கேட்கிறாள். அவளுக்கு ஐந்து வயதில் ஐவி என்று ஒரு மகள் இருக்கிறாள்.

உன்னைக் கேட்காமல் ஒன்றையும் தொடக் கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன். வைக்கட்டுமே, வெர்னா. பதில் எழுது.

உன்
லோயிஸ்

*

டூசான், அரிசோனா
செப்டம்பர் 18, 2018

அன்புள்ள லோயிஸ்,

உன் கடிதம் வந்தது. உன் கையெழுத்து இன்னும் கோழி கிளறின மாதிரிதான் இருக்கிறது.

வெய்ன் வீட்டில் எனக்கு ஒரு குறையும் இல்லை. மருமகள் எதைச் சமைத்தாலும் அரைக் கிலோ மிளகாய் போடுகிறாள், பழகிவிட்டது. வாரம் இரண்டு நாள் முதியோர் இல்லத்தில் கிழவிகளுக்கு முடி வெட்டிவிடுகிறேன். இங்கே இலை சிவப்பதுமில்லை, உதிர்வதுமில்லை. அக்டோபர் வந்ததும் போனதும் தெரியாது. அது எனக்கு நல்லதாகப் போயிற்று.

பரணைக் காலி செய்யாமல் வீட்டை விற்றது என் தப்பு. அந்தப் பெண்ணிடம் எல்லாவற்றையும் ஒரு வண்டியில் ஏற்றிக் குப்பைக் கிடங்கில் போடச் சொல். விக்குகள் மட்டும் நல்ல முடி. பள்ளிக்கூட நாடகத்துக்குக் கொடுக்கலாம்.

முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. சும்மா மாத்திரையாக விழுங்காதே.

உன்
வெர்னா

*

ஹார்ப்பர்டன்
செப்டம்பர் 26, 2018

அன்புள்ள வெர்னாவுக்கு,

குப்பைக் கிடங்கா? உனக்கு மனசு எப்படி வந்தது?

இந்தத் தெரு இப்போது எப்படி இருக்கிறது என்று உனக்குத் தெரியாது. போன ஹாலோவீனுக்கு மிட்டாய் கேட்டு என் வாசலுக்கு வந்த பிள்ளைகள் ஆறு பேர். ஆறே பேர்! கார்ட்ரைட் தெருவில் வராந்தா விளக்கு எரிந்தது மூன்று வீட்டில்தான். மற்றவர்கள் விளக்கை அணைத்துவிட்டு உள்ளே டிவி பார்த்தார்கள். பிள்ளைகளை எல்லாம் சர்ச் வண்டி நிறுத்துமிடத்துக்குக் கூட்டிப் போகிறார்கள். வரிசையாகக் கார் டிக்கியைத் திறந்து வைத்து மிட்டாய் கொடுக்கிறார்கள். அரை மணியில் எல்லாம் முடிந்து வீட்டுக்கு. யார் வீட்டுக் கதவையும் தட்ட வேண்டியதில்லை, யார் முகமும் தெரிய வேண்டியதில்லை.

ஆடம் இறந்துவிட்டார், தெரியுமா? ஜூலையில். நாலு வீடு தள்ளி இருக்கிற எனக்கு ஒன்பது நாள் கழித்துப் பேப்பரில் பார்த்துத்தான் தெரியும். ரொட்டி ஒன்று சுட்டு எடுத்துக்கொண்டு வெட்கம் கெட்டுப் போய் நின்றேன்.

உன் கூத்தினால் தொல்லை இல்லை என்று சொல்ல மாட்டேன். மூன்று மாவட்டத்துக் காரும் இந்த முட்டுத் தெருவுக்குள் வந்து அடைத்துக்கொள்ளும். என் செவ்வந்திப் பாத்தியை வருஷா வருஷம் மிதித்துத் துவைப்பார்கள். ஆடம் தன் புல்வெளியில் ஒரு டயரும் ஏறக் கூடாது என்று தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு காவல் நிற்பார். அவர் மனைவியோ அதே புல்வெளியில் பெரிய பாத்திரத்தில் பீன்ஸும் கறியும் கொதிக்க வைத்து, வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் ஊற்றிக் கொடுப்பாள். ஆற்றுக்கு அந்தப் பக்கத்து டிரெய்லர் வீட்டுக் குடியிருப்பிலிருந்து பிள்ளைகளை லாரியின் பின்னால் ஏற்றிக்கொண்டு வருவார்கள். ஒரு வருஷம் எனக்கு மிட்டாய் தீர்ந்து, ஆப்பிள் தீர்ந்து, கடைசியில் என் வீட்டுக்காரர் ஹார்லனின் இருமல் வில்லையைக்கூடக் கொடுத்தேன். அதற்கும் நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள்!

ஹார்லன் வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றையும் வம்புக்கு இழுப்பார், ஞாபகம் இருக்கிறதா?

"நீ யாரு, கோழியா?"

"இல்ல! நான் டைனோசர்!"

"ஓ, கோழிக்குப் பெரியப்பாவா? சரி, ரெண்டா எடுத்துக்கோ."

மாலை ஆறு மணிக்கு, பிள்ளைகள் வீடு வீடாகக் கிளம்பலாம் என்று ஊர்ச் சங்கு ஊதும். எட்டு மணிக்கு, போதும் என்று மறுபடி ஊதும். நடுவில் இருந்த அந்த இரண்டு மணி நேரத்துக்காகத்தான் வருஷம் முழுக்க இந்தத் தெருவில் ஒருத்தரை ஒருத்தர் தெரிந்து வைத்திருந்தோம் என்று இப்போது தோன்றுகிறது. ஏணி கேட்டு, ஒயர் கேட்டு, பழைய கோட்டு கேட்டு நீ எல்லார் வீட்டுக்கும் போவாய். இப்போது யாரும் யாரிடமும் ஒன்றும் கேட்பதில்லை.

பிடிவாதம் பிடிக்காதே. சரி என்று ஒரு வார்த்தை எழுது.

உன்
லோயிஸ்

*

டூசான்
அக்டோபர் 3, 2018

லோயிஸ்,

நீ என்னைச் சொல்ல வைக்கிறாய். சொல்கிறேன்.

2010-இல் பழைய இரும்புக் கடையிலிருந்து ஓட்டை ஆம்புலன்ஸ் ஒன்றை இழுத்து வந்து வாசலில் நிறுத்தினேன். எலும்புக்கூடு ஓட்டுநர். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை சைரன் அலறும். பின்கதவு திறந்து நான் ரத்தக்கறை நர்ஸாகக் குதித்து மிட்டாய் வீசுவேன். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த பெரிய கைதட்டல் அதுதான்.

அடுத்த வருஷம் எலும்புக்கூடு கல்யாணம். ஏழு இருபதுக்குத் தெரு முனையில் நிஜ ஆம்புலன்ஸ் சைரனோடு திரும்பியது. ஜனங்கள் என்ன செய்தார்கள்? கைதட்டினார்கள். போன வருஷத்து வேடிக்கை மறுபடி வந்துவிட்டது என்று ஒருத்தர்கூடக் காரை நகர்த்தவில்லை. நானே, லோயிஸ், கிழிந்த கல்யாண கவுனில் நின்றுகொண்டு, இதை யார் ஏற்பாடு செய்தது என்று சிரித்தேன். அப்புறம்தான் உன் வராந்தாவைப் பார்த்தேன், நாற்காலியில் சரிந்து கிடந்த ஹார்லனை நீ பிடித்துக்கொண்டு இருந்தாய்.

தெரு முனையிலிருந்து உன் வாசலுக்கு வர ஆம்புலன்ஸுக்குப் பதினொரு நிமிஷம் ஆயிற்று. கவுனைத் தூக்கிச் செருகிக்கொண்டு கார்களைக் கையால் தள்ளினேன். ஹார்லனைத் தூக்கிக்கொண்டு வந்தபோது ஒருத்தன் தன் பிள்ளையைத் தோளில் ஏற்றி, "பாருடா, எவ்வளவு நிஜமா பண்ணியிருக்காங்க!" என்றான். மறுபடி கைதட்டல். அது இன்னும் என் காதில் இருக்கிறது. மற்றதெல்லாம் கேட்காத இந்தக் காதில் அது மட்டும் கேட்கிறது.

சவ அடக்கக் கூடத்தில் அவருக்குக் கடைசியாகத் தலை வாரிவிட்டவள் நான். அன்றைக்கு உன்னிடம் "என்னாலதான் லோயிஸ், நான்தான் கொன்னுட்டேன்" என்றேன். நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய். ஒன்றும் சொல்லவில்லை. உனக்குப் பெரிய மனசு. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அதற்கப்புறம் ஐந்து வருஷம் எதிர்வீட்டிலிருந்து அந்தக் காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். முடியவில்லை. வீட்டை விற்றேன்.

எல்லாவற்றையும் கொளுத்தச் சொல். இனி இதைக் கேட்டு எழுதாதே.

உன்
வெர்னா

*

ஹார்ப்பர்டன்
அக்டோபர் 9, 2018

வெர்னா,

மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். இது நாலாவது. இதைக் கிழிப்பதற்குள் தபாலில் போட்டுவிட வேண்டும்.

அன்றைக்கு மத்தியானம் சாப்பிட்டதுமே, இரண்டரை மணி இருக்கும், ஹார்லன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். இடது கை மரத்துப்போகிறது என்றார். ஆம்புலன்ஸைக் கூப்பிடட்டுமா என்று கேட்டேன்.

"வேணாம்டி. இப்ப வந்தா வெர்னா பாடுபட்டதெல்லாம் கெட்டுப்போகும். பிள்ளைங்க பயந்துடும். ரெண்டாவது சங்கு ஊதட்டும், அப்புறம் போலாம்," என்றார்.

அவர் அப்படித்தான் சொல்வார். ஆனால் போனை எடுக்க எனக்குக் கை இல்லையா? நான் வாயுவுக்கு மாத்திரை கொடுத்தேன். எனக்கும் அந்த மாலை வேண்டியிருந்தது, வெர்னா. அதுதான் உண்மை. உன் மணப்பெண்ணுக்கு லேஸ் தைத்தவள் நான். ஜனங்கள் பார்த்து என்ன சொல்கிறார்கள் என்று கேட்க ஆசை. ஆறு மணிக்கு அவரை நானே வராந்தாவுக்குக் கூட்டி வந்து உட்கார வைத்துப் போர்வை போர்த்தினேன்.

ஏழு மணிக்கு மேல் அவர் பிள்ளைகளை வம்புக்கு இழுக்கவில்லை. கவனித்தேன். "என்ன கிழவா, தூங்கறியா? பிள்ளைங்க வருது பாரு," என்று தோளை இடித்தேன். இடித்துவிட்டு மிட்டாய் கொடுக்கப் போய்விட்டேன்.

மறுநாள் காலையில் டாக்டரிடம் அந்தப் பதினொரு நிமிஷத்தைப் பற்றிக் கேட்டேன். "பதினொரு நிமிஷத்தால ஒண்ணும் மாறியிருக்காதும்மா. மத்தியானமே கொண்டு வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்," என்றார்.

ஆக, நீ என்னிடம் வந்து உன்னால்தான் என்று அழுதபோது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் உன் கையைப் பிடித்தேன். நீயே சுமக்கிறேன் என்கிறாய், சுமந்துவிட்டுப் போ என்று இருந்துவிட்டேன். அது பெரிய மனசு இல்லை, கோழைத்தனம். நீ சாமான் ஏற்றிக்கொண்டு போன அன்றைக்கு லாரியைப் பார்த்துக் கையாட்டினேனே, அப்போதுகூட வாய் திறக்கவில்லை.

நீ கொல்லவில்லை, வெர்னா. என்னை மன்னித்துவிடு என்று கேட்க எனக்கு வாயில்லை. ஆனாலும் கேட்கிறேன்.

லோயிஸ்

*

ஹார்ப்பர்டன்
அக்டோபர் 17, 2018

வெர்னா,

தபால்காரர் வரும் நேரத்துக்கெல்லாம் வாசலில் நிற்கிறேன். டெஸ் வண்டிக்குச் சொல்லிவிட்டாள். நீ கொளுத்தச் சொன்னதைச் சொல்லிவிட்டேன். அழுகிற மாதிரி ஆகிவிட்டாள். இருபத்தேழாம் தேதி சனிக்கிழமை எல்லாம் கிடங்குக்குப் போகிறது. அதுவரை பொறு என்று கெஞ்சி வைத்திருக்கிறேன்.

திட்டியாவது எழுது.

லோயிஸ்

*

டூசான்
அக்டோபர் 22, 2018

லோயிஸ்,

விரைவுத் தபாலில் அனுப்புகிறேன்.

ஏழு வருஷம். போன அக்டோபரில் என் பேத்தி ஒரு பேய் வரைந்து தரச் சொன்னாள். கத்திவிட்டேன். பிள்ளை பயந்து அவள் அம்மாவிடம் ஓடியது. நீ ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். ஐந்து வருஷம் நாற்பது அடி தூரத்தில் இருந்தாய். ரோட்டைத் தாண்டி வந்து சொல்லியிருக்கலாம். அதற்குப் பதிலாகக் கிறிஸ்துமஸுக்கு பிஸ்கெட் கொண்டு வந்து கொடுத்தாய்.

மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் அது பொய். எழுத மாட்டேன்.

உன் கடிதத்தை இரண்டு நாள் திரும்பத் திரும்பப் படித்தேன். மூன்றாம் நாள் விடிந்து ஒன்பது மணி வரைக்கும் தூங்கினேன். வெய்ன் பயந்துபோய் மூச்சு வருகிறதா என்று பார்த்தானாம். ஏழு வருஷத்தில் அப்படித் தூங்கியதில்லை. இதுவும் உண்மை என்பதால் எழுதுகிறேன்.

டெஸ்ஸிடம் வண்டியை வேண்டாம் என்று சொல்லச் சொல். பட்டாளத்தை இறக்கட்டும். கல்யாணமோ அழகு நிலையமோ அவள் இஷ்டம். சைரன் மட்டும் எந்த உருவத்திலும் கூடாது. புகை இயந்திரத்தைப் படிக்கட்டுப் பக்கம் வைக்க வேண்டாம், பிள்ளைகள் தடுக்கி விழும். எலும்புக்கூடுகளின் முதுகுக் கம்பி துருப்பிடித்திருக்கும். புதுக் கம்பி போடட்டும்.

முக்கியமானது இது. தெருவின் இடது பக்கத்தில் ஒரு காரும் நிற்கக் கூடாது. முனையிலிருந்து கடைசி வீடு வரை கயிறு கட்டி அந்த வழியைக் காலியாக வைக்க வேண்டும். வருகிற கார்களைப் பள்ளிக்கூட மைதானத்துக்குத் திருப்பிவிட முனையில் ஒருத்தர் நிற்க வேண்டும். எந்த வீட்டில் யாருக்கு இதயம் சரியில்லை, யார் தனியாக இருக்கிறார்கள் என்று தெரிந்தவராக இருக்க வேண்டும். உனக்குத் தெரியாது என்றால், இன்னும் நாள் இருக்கிறது, ஒவ்வொரு வீட்டுக் கதவாகப் போய்த் தட்டு.

முனையில் நிற்க வேண்டியவள் நீதான். வராந்தாவில் மிட்டாய் கொடுக்க வேறு யாராவது இருக்கட்டும். முதல் சங்கிலிருந்து இரண்டாவது சங்கு வரை நீ அங்கேயே நிற்கிறாய். குளிரில் முழங்கால் வலிக்கும், வலிக்கட்டும். யார் வீட்டுக் கதவாவது திறந்து யாராவது கையசைத்தால், எட்டு மணி ஆகட்டும் என்று யார் சொன்னாலும் கேட்காதே. உடனே கூப்பிடு. ஜனங்கள் எதற்குக் கைதட்டினாலும் திரும்பிப் பார்க்காதே.

முடிந்ததும் எத்தனை பிள்ளைகள் வந்தார்கள் என்று எழுது. இப்போதைக்கு அது மட்டும் போதும்.

வெர்னா