முகம் பார்த்த காணிக்கை

ஷிம்கெந்த்
மார்ச் 5, 2019

என் அருமை அக்கா குராலாய்க்கு,

போனில் சொன்னால் பாதியிலேயே கத்திவிட்டு வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். அம்மாவின் அலட்டல் தாங்கவில்லை. "கம்ப்யூட்டர்ல சீட்டாடுறதெல்லாம் ஒரு பொழப்பா?" என்று இத்தனை நாள் முணுமுணுத்தவள், இப்போது ரொட்டிக் கடை வரிசையில் நின்று, "ஊரு உலகமே ஆடுன போக்கர் போட்டியில கடைசி எட்டுப் பேர்ல எம்பொண்ணு ஒருத்தி, தெரியும்ல?" என்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை இறுதி ஆட்டத்துக்கு என்னுடைய மகளிர் தினப் பரிசை இத்துடன் இணைத்திருக்கிறேன். உன் எதிராளிகள் ஏழு பேரும் இதுவரை ஆடிய ஆட்டங்களைத் திரட்டி விற்கிற ஓர் இணையதளத்தில் வாங்கினேன். யார் பயந்து சீட்டைப் போட்டுவிடுவார்கள், யார் வெறுங்கையோடு பந்தயத்தை ஏற்றுவார்கள் என்று பிரித்தும் வைத்துவிட்டேன். பிஷ்கெக்காரன் நூர்பெக்கை முதலில் பார்.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

உன் தம்பி
தௌலெத்

*

அல்மாத்தி
மார்ச் 6

தம்பி தௌலெத்துக்கு,

பூ அனுப்ப வேண்டிய நாளுக்கு என்னத்தை அனுப்பியிருக்கிறாய்! திறக்கவில்லை. அழித்துவிட்டேன்.

என்னோடு ஆடியவர்களைப் பற்றி நானும் குறித்து வைக்கிறேன், இல்லை என்று சொல்லவில்லை. அது நான் உட்கார்ந்து, தோற்று, எதிராளியின் சீட்டைப் பார்ப்பதற்காகப் பந்தயம் கட்டிச் சம்பாதித்த அறிவு. நான் உட்காராத மேசையில் அவன் என்ன செய்தான் என்று விலைக்கு வாங்கிப் பார்க்க நான் யார்? போட்டி விதியும் அதைத்தான் சொல்கிறது.

அண்ணன் கல்யாணம் ஞாபகம் இருக்கிறதா? அண்ணியின் முகத்திரையை விலக்கும் முன்பே திரைச்சீலைக்குள் தலையை விட்டு எட்டிப் பார்த்தாயே! அம்மா உன் காதைத் திருகி, "பார்த்தல்ல? பார்த்தவன் காணிக்கை கொடுக்கணும்டா" என்று உன் புது வெல்வெட் தொப்பியைப் பிடுங்கி அண்ணி மடியில் போட்டாள். நீ விருந்து முழுக்க அழுதாய். எனக்கு அந்தச் சட்டம்தான் தெரியும். கொடுக்காமல் பார்க்க மாட்டேன்.

கோபத்தோடும் அன்போடும்
குராலாய்

*

ஷிம்கெந்த்
மார்ச் 7

அக்கா,

பெரிய இவள் மாதிரி பேசாதே. ராத்திரி பகலாக உட்கார்ந்து பிரித்தவன் நான். ஒரு வார்த்தை நன்றி இல்லை, தொப்பிக் கதை சொல்கிறாய்.

சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன். அந்தத் தளத்தில் உன் பெயரைப் போட்டுத் தேடினேன். இருக்கிறாய்! உன் ஆட்டங்கள் அத்தனையும் விற்பனைக்கு இருக்கின்றன. அந்த ஏழு பேரில் வாங்காதவன் ஒருத்தன் இருப்பான் என்று நினைக்கிறாயா? எல்லோரும் திரை போட்டு உட்கார்ந்திருக்க, நீ மட்டும் முகத்தைக் காட்டிக்கொண்டு உட்காரப்போகிறாய். எத்தனை வருட உழைப்பு, அதை மானம் மரியாதை என்று தொலைக்கப்போகிறாயா? உன்னைப் பற்றி அவர்களிடம் என்ன இருக்கிறது என்றாவது கேள். அனுப்புகிறேன்.

தௌலெத்

*

அல்மாத்தி
மார்ச் 11

என் தங்கத் தம்பிக்கு,

நீ எதையும் அனுப்பத் தேவையில்லை. என் ஆட்டம் என்னிடமே இருக்கிறதே! உன் கடிதம் வந்ததும் பயந்துவிட்டேன், பொய் சொல்ல மாட்டேன். பிறகு என் பழைய ஆட்டங்களை உட்கார்ந்து பார்த்தேன். அட, எவ்வளவு முட்டாள் நான்! நல்ல சீட்டு வந்தால் பட்டென்று பந்தயம் கட்டுகிறேன். கையில் ஒன்றும் இல்லாதபோதுதான் யோசித்து யோசித்துக் கட்டுகிறேன்.

நேற்று மூன்று பேர் மிஞ்சியபோது எனக்கு இரண்டு ராஜா வந்தது. கை பரபரத்தது. அடக்கிக்கொண்டு, எழுந்து போய்க் கோப்பையில் தேநீர் ஊற்றி வந்து, கடைசி நொடியில் கட்டினேன். என் கையில் ஒன்றும் இல்லை என்று நம்பி, நூர்பெக் இருந்ததையெல்லாம் தூக்கி நடுவில் வைத்துத் தோற்றான். அவன் என்னோடு ஆடவில்லை தம்பி, வாங்கி வைத்திருந்த குராலாயோடு ஆடினான். அவள் அங்கே இல்லை.

கடைசியில் போர்ச்சுகல்காரன் ஒருவன் என்னை நேராக ஆடி ஜெயித்தான். இரண்டாவது இடம். வருத்தம் இருக்கிறது, ஆனால் தலை நிமிர்ந்து இருக்கிறேன். நீ பார்த்தாயா? நீ ஒன்றும் எழுதாததுதான் உறுத்துகிறது.

உன் அக்கா
குராலாய்

*

ஷிம்கெந்த்
மார்ச் 13

என் அக்காவுக்கு,

பார்த்தேன். ஒளிபரப்பில் எல்லோருடைய முகத்தையும் சீட்டையும் கொஞ்சம் தாமதித்துக் காட்டினார்கள். அந்த ராஜாக்களை வைத்துக்கொண்டு நீ எழுந்து போனதும் அம்மா, "எங்கடி போற, கட்டுடி!" என்று டிவியைப் பார்த்துக் கத்தினாள். எனக்கு மட்டும் புரிந்துவிட்டது. உன் ஆட்டமெல்லாம் படித்தவன் அல்லவா நான்? நூர்பெக் விழுந்ததும் நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர் ஓடி வந்தார். "எங்க அக்கா! எங்க அக்கா!" என்று அவரைக் கட்டிக்கொண்டேன்.

அந்தத் தளத்தில் இருந்த என் கணக்கை மூடிவிட்டேன்.

தபாலில் வரும் பொட்டலத்தில் அம்மா கொடுத்த பாலாடைக் கட்டி உருண்டைகள் மேலே இருக்கும். அடியில் என் தொப்பி இருக்கிறது. போன மாதம்தான் வாங்கினேன், வெல்வெட். அண்ணி பார்த்துவிட்டு, "என்னடா, இன்னொண்ணும் போச்சா?" என்று சிரித்தாள்.

இந்தத் தடவை யாரும் என் காதைத் திருகவில்லை.

உன்
தௌலெத்