பதினெட்டு நொடி தள்ளி

மார்ச் 4

மறுபடியும் ஒன்றுமில்லை. காலையில் வேறொரு நாட்டின் பெரிய செயற்கைக்கோள் ஒரு காமா கதிர் வெடிப்பைப் பார்த்துவிட்டு ஊருக்கெல்லாம் தகவல் அனுப்பியது. எங்கோ ஒரு நட்சத்திரம் செத்திருக்கிறது. எங்கள் பெட்டியும் அதே பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தது. செருப்புப் பெட்டி அளவுச் செயற்கைக்கோள். பார்த்ததையெல்லாம் அனுப்ப அதற்குத் தெம்பு கிடையாது. இந்த நேரத்தைச் சுற்றிப் பத்து நொடி மட்டும் அனுப்பு என்று நாங்கள்தான் கேட்க வேண்டும். கேட்டேன். தலைக்கு மேல் வந்தபோது அனுப்பியது. வெறும் இரைச்சல்.

வீட்டுக்குப் போனதும் தம்பி கேட்பான். கதிர் பட்டால் மினுங்கும் படிகத்தை வெள்ளை நாடாவில் சுற்றி அந்தப் பெட்டிக்குள் வைத்தவன் அவன். பச்சைக் குழந்தையைத் துணியில் சுற்றுகிற மாதிரி சுற்றினான். இப்போது அவனையே அம்மா போர்வையில் சுற்றி உட்கார வைக்கிறாள்.

மார்ச் 7

இனி மருந்து எதுவும் வேண்டாம், வீட்டிலேயே நிம்மதியாக இருக்கட்டும் என்றார் மருத்துவர். “குணமாயிடுச்சா, அதான் வேண்டாங்கறாரா?” என்று அம்மா என்னைக் கேட்டாள். வண்டிச் சாவியைத் தேடுகிற சாக்கில் பையைக் குடைந்துகொண்டே இருந்தேன். சாவி கையில்தான் இருந்தது.

மார்ச் 11

அலுவலகத்தில் கூட்டம். மாதக் கடைசியோடு, தம்பியின் படிகம் இருக்கும் காமா உணரியை அணைத்துவிட்டு அந்த மின்சாரத்தைப் பெட்டியிலிருக்கும் கேமராவுக்குக் கொடுக்கலாம் என்றார் தலைவர். குருட்டுப் பெட்டிக்கு எதற்குத் தீனி என்று யாரோ சொல்ல, நாலு பேர் சிரித்தார்கள். நான் வாயைத் திறந்திருந்தால் வேலை போயிருக்கும்.

தம்பிக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது. நாடா சுற்றும்போது எங்கோ வெளிச்சம் புக விட்டுவிட்டேன், எல்லாம் என்னால்தான் என்கிறான். சாப்பிடவில்லை. உடம்பு போவது போதாதென்று இது வேறு.

மார்ச் 14

பொய் சொல்லிவிட்டேன்.

அந்தப் பெரிய செயற்கைக்கோளின் வரைபடத்தை எடுத்து, தலைப்பை மாற்றி, மடிக்கணினியைக் கட்டிலில் வைத்து, பாருடா உன் பெட்டி பார்த்துவிட்டது என்றேன். ரொம்ப நேரம் பார்த்தான். “அக்கா, இது நம்ம பெட்டி இல்ல. நம்மதுல இரைச்சல் ஜாஸ்தி. இவ்வளவு சுத்தமா வராது.”

கோபித்துக்கொள்ளவில்லை. என் கையைத் தட்டிக் கொடுத்தான். செத்துப் போகலாம் போலிருந்தது. எழுதிய பிறகுதான் உறைக்கிறது, இந்த வீட்டில் இப்போது எழுதக் கூடாத வார்த்தை.

மார்ச் 15

அம்மாவிடம் அவன் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை.

மார்ச் 19

இன்று புதிதாக ஒரு வெடிப்பு. எப்படியும் அணைக்கத்தானே போகிறார்கள் என்ற எரிச்சலில், பத்து நொடிக்குப் பதில் முழு நிமிடத்தையும் கேட்டேன். கேமராப் படங்களுக்கு இடமே இருக்காது என்று ஆன்டெனாக்காரர் புலம்பினார். புலம்பட்டும்.

வந்தது. வழக்கமாகக் கேட்கிற பத்து நொடியில் ஒன்றுமில்லை. அதைத் தாண்டி, இரைச்சலுக்கு நடுவே, வரைபடத்தில் செங்குத்தாக ஒரு முள். பதினெட்டு நொடி தள்ளி.

பதினெட்டு — இந்தத் தொழிலில் இருக்கிற எவருக்கும் தெரிந்த எண். வழிகாட்டும் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களின் கடிகாரம் நம் கைக்கடிகாரத்தைவிட அவ்வளவு முன்னால் ஓடுகிறது. பெட்டி அந்தக் கடிகாரப்படி எழுதுகிறது. நாங்கள் கைக்கடிகாரப்படி கேட்கிறோம். அந்தப் பதினெட்டைத் தரையில் கழித்துக்கொள்வார்கள் என்று மென்பொருள்காரர்கள் விட்டுவிட்டார்கள். மேலேயே கழித்திருப்பார்கள் என்று தரையில் நாங்கள் இருந்துவிட்டோம்.

அது பாத்துக்கிட்டேதான் இருந்திருக்கு. ஒவ்வொரு தடவையும் வெடிக்கறதுக்கு முந்தின நேரத்தைக் கேட்டு வாங்கி வச்சுக்கிட்டு, நாங்கதான் அதைக் குருடுன்னு சொல்லிட்டிருந்தோம். பழசெல்லாம் அழிஞ்சு போச்சு, பெட்டி மேல மேல எழுதிடும். அவன்கிட்ட போய் எப்படிச் சொல்றது — ஏன், சந்தோஷமாத்தானே சொல்லணும்?

மார்ச் 20

காலையிலேயே காட்டினேன். தலையணையில் சாய்ந்தபடி பார்த்தான். சிரித்தான்.

“இந்தத் தடவை இரைச்சலையும் சேத்துட்டே. நல்லா வரைஞ்சிருக்கேக்கா.”

நிஜம்டா என்றேன். பதினெட்டு நொடிக் கதையைச் சொன்னேன். அம்மா மேல் சத்தியம் என்றேன். அவ்வளவு படித்தவர்கள் போயும் போயும் அதை மறப்பார்களா என்று கேட்டான். மறந்தோமே. “விடுக்கா, எனக்கு வருத்தமில்ல” என்று என்னைச் சமாதானப்படுத்திவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான்.

மார்ச் 22

தலைவரையே போனில் பேச வைத்தேன். பாவம், குரல் உடைந்துதான் பேசினார். தம்பி மரியாதையாக நன்றி சொன்னான். போனை என்னிடம் கொடுத்துவிட்டு, “அவரையும் சேத்துக்கிட்டியா?” என்றான்.

ஒரே ஒரு பொய். அதுவும் அவனுக்காக. அது இப்போது நிஜத்தை வாசலிலேயே நிறுத்தி வைத்திருக்கிறது.

மார்ச் 25

போய்விட்டான். அம்மா போர்வையை மாற்றிக்கொண்டிருந்தபோது.

ஏப்ரல் 9

உணரியை அணைக்கவில்லை. கடிகாரத்தைத் திருத்திய பிறகு வந்த முதல் வெடிப்பைப் பற்றி இன்று உலகத்துக்கெல்லாம் அறிவிப்பு போனது. பெயர்களில் அவனுடையது முதலில். வேறு இரண்டு குழுக்கள் சரிபார்த்து, ஒத்துப்போகிறது என்று எழுதியிருக்கின்றன. முன்பின் தெரியாதவர்கள், எங்களை ஒரு கேள்வி கேட்காமல் நம்பிவிட்டார்கள்.

அவன் போர்வைகளை மடித்துக்கொண்டிருந்த அம்மா, அவன் செய்த சாமான் வேலை செய்கிறதா என்று கேட்டாள். செய்கிறது, முதல் நாளிலிருந்தே செய்திருக்கிறது என்றேன்.

“அவன்கிட்ட சொன்னியா?”

“சொன்னேம்மா.”

“அது போதும்” என்று போர்வைகளை அலமாரியில் வைத்தாள்.

போதாதும்மா. அவளிடம் சொல்ல முடியாததால் இங்கே எழுதுகிறேன்.