பதில் ஆள் இல்லை

அன்பு பரீதா, அஸ்ஸலாமு அலைக்கும். உம்மாவின் முழங்கால் வீக்கம் வடிந்ததா? போனில் சொன்னால் பாதியிலேயே "சாப்ட்டீங்களா மச்சான்" என்பாய். அதனால் எழுதுகிறேன்.

துறைமுகக் கம்பெனியில் என் ஒப்பந்தத்தைப் புதுப்பித்தார்கள். இதுவரை பில் போட்டுப் பணம் வாங்கிய வெளியாள் நான். இனி கம்பெனி ஆளாக்கி, சம்பளத்திலேயே வரி பிடிக்கவேண்டுமா என்று உப்பளம் ஏரியா ஆபீசில் ஆடிட்டர் விசாரித்தார். "இவருக்குப் பதிலா வேற ஒருத்தர அனுப்புனா வேலை நடக்குமா?"

நடக்கும் என்றால் நான் வெளியாள், நடக்காது என்றால் கம்பெனி ஆளாம். நடக்கும் என்று சொல்ல வாயெடுத்தேன். தேங்காய்த்திட்டு துறைமுக வாயில் எங்கே மணல் மேடிட்டிருக்கிறது என்று அளந்து சொல்வதுதானே!

என்னைப் படகில் கூட்டிப்போகும் வடிவேல் முந்திக்கொண்டார். "போன மாசம் பாய் காய்ச்சல்ல படுத்தாரு சார். வேற ஆளு வந்து அளந்தாரு. அவர நம்பி அந்த மூணு நாளும் ஒரு போட்டுகூட வெளிய போவல."

லேசான காய்ச்சல்தான், அதனால் உன்னிடம் சொல்லவில்லை. கடல் சரியில்லாமல்தான் படகுகள் நின்றன என்று நினைத்திருந்தேன்.

ஆடிட்டர் 'பதில் ஆள் இல்லை' என்று எழுதி, என்னைச் சம்பளக்காரன் ஆக்கிவிட்டார்.

மறுநாள் அதிகாலை அளந்து முடித்து, போகலாம் என்று கை காட்டினேன். படகுகள் ஒவ்வொன்றாக என்னைக் கடந்து கடலுக்குள் போயின. ஒவ்வொன்றிலும் எட்டுப் பத்துப் பேர். ஆறு வருடமாகப் பார்க்கும் காட்சிதான். அன்று காட்டிய கையை இறக்கவே தோன்றவில்லை.

இனி லீவு உண்டாம். எப்படி எடுப்பேனோ! மீன்பிடித் தடைக்காலத்தில் வருகிறேன். வடிவேல் ஹாரன் அடிக்கிறார்.

நூரீனின் பள்ளிக்கூடக் கூட்டத்துக்குத் தம்பி கரீமையே அனுப்பு. வாப்பா கையெழுத்துப் போடும் இடத்தில் மட்டும் அவனைப் போடவிடாதே. நான் வரும்வரை அது காலியாகவே இருக்கட்டும்.

ஹாதி