ரன் கொடுக்காமல் லீலண்ட் ஜெயித்த ஆட்டம்

அயோவா, ஆகஸ்ட் 1961

அன்புள்ள நோரீனுக்கு,

அலாஸ்காவில் நீயும் ராயும் பெத் பாப்பாவும் நலமாக இருக்கிறீர்கள் என்றே நினைத்துக்கொள்கிறேன், அந்த நினைப்பாவது எனக்கு வேண்டும். இங்கே அப்பாவுக்கு முட்டிவலி பழையபடிதான், எனக்கு ஒன்றுமில்லை, உன் தம்பி லீலண்டுக்குத்தான் சுகமில்லை. எதிரணிக்கு ஒரு ரன்கூடக் கொடுக்காமல் ஜெயித்தான் என்று பேப்பரில் வந்ததை வெட்டி அப்பா உனக்கு அனுப்பினார் அல்லவா, அதில் பொய் இல்லை. ஆனால் பேப்பரில் போடாதது ஒன்று இருக்கிறது, வாழ்த்து எழுதி வைத்திருந்தால் அனுப்பிவிடாதே.

அன்று பேஸ்பால் மைதானத்தில் எள் போட இடமில்லை. மேல் லீக் அணிக்கு இவனை எடுக்கலாமா என்று பார்க்க ஒருவரும் வந்திருந்தார். ஒன்பது இன்னிங்ஸில் ஆறு ஆகியும் இவன் பந்தை ஒருத்தனாலும் அடித்து ஓட முடியவில்லை. அப்படி வீசுகிறவனிடம் யாரும் பேசக் கூடாது, பக்கத்தில் உட்காரக் கூடாது, அதிர்ஷ்டம் கலைந்துவிடும் என்பார்களே, சின்ன வயதில் நீகூட வாயைப் பொத்திக்கொண்டு நிற்பாய். ஏழாவதில் ஒரு பந்தை வீசிவிட்டு முழங்கையைப் பிடித்தான். பெற்றவளுக்குத் தெரியாதா? பெஞ்சின் கோடியில் தனியாகப் போய் உட்கார்ந்து முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டான். நான் எழுந்தேன். அப்பா என் கையை இழுத்து, "உக்காருடி வெர்னா, நீ போய் நின்னா எல்லாம் நாசமாப் போயிடும், வாழ்க்கையில ஒரு தடவை வர்ற நாள்டி இது" என்றார். பின்னாலிருந்தவர்களும், "உக்காரும்மா, மறைக்குது" என்று அதட்டினார்கள். கோச்சே அவன் பக்கம் திரும்பாமல் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவனும் வாயைத் திறக்கவில்லை, அவனுக்கும் அதே நம்பிக்கைதானே. ஒன்பதாவதில் ஒருத்தன் அடித்துவிட்டான், அப்படியும் ரன் போகவிடாமல் முடித்தான். இரண்டுக்குப் பூஜ்யம். எல்லோரும் ஓடிவந்து தோளில் தூக்கினார்கள், அப்போதுதான் அலறினான்.

முழங்கைக்குள் தசைநார் அறுந்துவிட்டதாம். வலி வந்ததுமே நிறுத்தியிருந்தால் கை பிழைத்திருக்கும், இனிமேல் பந்து வீசுவதை மறந்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பந்து வீசுவதைத் தவிர வேறெதுவும் தெரியாத பிள்ளை, நோரீன். இவன் வீசும் பந்தைப் பிடிக்கிற வர்ஜில் வந்து என் சமையலறையில் நின்று அழுதான். "மூணு தடவ கிட்டப் போனேம்மா, பேசினாக் கெட்டுடும்னு திரும்பி வந்துட்டேன்" என்றான். அவனை என்ன சொல்லித் திட்டுவது? இறைச்சியை நான்தான் துண்டு போட்டு லீலண்டுக்கு வைக்கிறேன், இடது கையால் சாப்பிடுகிறான். அன்றைய ஆட்டத்தின் பந்தை அப்பா ரேடியோ மேல் வைத்திருக்கிறார், அது கண்ணில் படாதபடி இவன் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொள்கிறான். எடுத்து வையுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அப்பா அவன் எதிரே வராமல் கொட்டகையிலேயே கிடக்கிறார். கடைத்தெருவில் அவனைப் பார்த்தால் ஊர்க்காரர்கள் எதிர்ப்பக்கம் போய்விடுகிறார்கள். எனக்கு ஒரு வழியும் தெரியவில்லை, ஜெபம்கூட வாயில் நிற்கமாட்டேன் என்கிறது.

கடவுள் உங்கள் மூவரையும் காப்பாற்றட்டும். பெத்துக்குக் காது மூடும்படி தொப்பி போடு. ஞாயிற்றுக்கிழமை எப்படியாவது வீட்டுக்குப் போன் செய், நான் எடுத்து அவனிடம் கொடுக்கிறேன். ஆட்டத்தைப் பற்றி எதுவும் பேச வேண்டாம். கை வலிக்கிறதாடா என்று மட்டும் கேள். இதுவரை அவனிடம் யாரும் அதைக் கேட்கவில்லை.

உன் அம்மா,
வெர்னா