கல்கட்டில் இரண்டு கருஞ்சிட்டுகள்

மார்ச் 8, 2025
வீரமணி ஏரிக்கரை மண்ணைத் திருடுகிறான். பட்டப்பகலில், ஜேசிபி வைத்து. எங்கள் நிலத்துக்குப் பக்கத்துக் கொல்லைக்காரன். ஊரே பார்க்கிறது, ஒருவருக்கும் வாய் இல்லை.

காலையில் நானும் கரையை ஒட்டிய எங்கள் கொல்லையில்தான் இருந்தேன், கருஞ்சிட்டுகளைப் பார்க்க. இரண்டு கொல்லைக்கும் நடுவில் கல் அடுக்கிய வரப்பு, அந்தக் கல்கட்டுதான் இரண்டு ஆண் சிட்டுகளுக்கும் எல்லை. ஆளுக்கொரு முனையில் நின்று, வாலை முதுகுமேல் தூக்கி, பாட்டாலேயே விரட்டுகின்றன. ஒரு கொத்துகூட இல்லை. எங்கள் பக்கத்து ஜோடி கல் இடுக்கில் கூடு கட்டியிருக்கிறது.

மார்ச் 12
இரண்டு சிட்டுகளுக்கும் எல்லை எந்தக் கல் என்று தெரிய வேண்டும். போனில் கருஞ்சிட்டின் பாட்டை ஓடவிட்டு, கையை உயர்த்திப் பிடித்தேன். எங்கள் பக்கத்து ஆண் சிட்டு பாய்ந்து வந்து போனையே சுற்றியது. சிரித்துவிட்டேன்.

நிமிர்ந்தால் எதிரே ஏரிக்கரையில் ஜேசிபி நின்றிருக்கிறது. போன் நேராக அதன் பக்கம். வீரமணி என்னையே பார்க்கிறான்.

வீடியோ எடுக்கிறேன் என்று நினைத்துவிட்டானா?

மார்ச் 16
நினைத்துவிட்டான்.

பூசை முடிந்து நானும் அப்பாவும் வெளியே வந்தால் கோயில் வாசலில் பைக்கில் உட்கார்ந்திருக்கிறான். பேச்சு அப்பாவிடம், கண் என்மேல்.

"என்னாங்கண்ணா, பாப்பா படம் புடிக்குதாமே? நம்ம மூஞ்சி நல்லா வுழுந்துதா?"

"அது குருவி பாக்குதுங்க."

"ஜேசிபி மேல குருவி ஏதுங்கண்ணா? தனியா வருது, போவுது. டிப்பருங்க கண்ணுமண்ணு தெரியாம வருதுங்க. சொல்லி வைங்க."

அப்பா சிரித்தார். அந்தச் சிரிப்புதான் எனக்குப் பயம்.

மார்ச் 19
நல்லம்பள்ளியிலிருந்து வரும்போது என் ஸ்கூட்டிக்குப் பின்னால் ஒரு மண் டிப்பர் லாரி. மெதுவாகப் போனால் அதுவும் மெதுவாக. ஓரம்கட்டினேன் — அதுவும் நின்றது. வண்டியைக் கிளப்பவே தைரியம் வரவில்லை.

எடுக்காத வீடியோவுக்கு நான் சாவணுமா?

மார்ச் 20
கொல்லைக்குப் போகவில்லை.

மார்ச் 22
கல்கட்டு இல்லை. தரைமட்டம்.

வீரமணியைத் திட்டிக்கொண்டே வீட்டுக்கு ஓடிவந்தேன். அப்பா கையெல்லாம் சிராய்ப்பு.

"அவன் இல்ல பாப்பா. நாந்தான் பிரிச்சேன். பாக்க ஒண்ணும் இல்லன்னா அங்க போவ மாட்டியே."

"கூடு இருந்துச்சேப்பா!"

"குஞ்சு இல்ல. முட்டதான்."

மார்ச் 23
இரண்டு ஆண் சிட்டுகளும் வெறுந்தரையில் கால்களைப் பின்னிக்கொண்டு புரண்டன. பாட்டு இல்லை. கொத்து மட்டும். ஒன்றின் கண்ணோரம் ரத்தம்.

அப்பால் ஜேசிபி கரையை வெட்டிக்கொண்டிருந்தது. போனைத் தூக்கினேன். இந்த முறை நிஜமாகவே எடுத்தேன்.

சாப்பிடும்போது அப்பாவிடம் காட்டினேன். "நாளைக்கித் திங்கக்கெழம. கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுக்கப் போறேன். நீங்களும் வந்து சாட்சி சொல்லணும்."

அப்பா தட்டிலேயே கை கழுவினார். எழுந்துபோய் வாசல் கதவைத் தாழ்போட்டார். ஜன்னலையும் சாத்தினார்.

"வருவீங்களா, மாட்டீங்களா? சொல்லுங்கப்பா."