கிழக்குக் கேலரிக்கு வந்த நிழல்

துறைமுகத்தில் சரக்குக் கிட்டங்கி ஒன்றுக்குப் புதுத் தகரம் வேய்கிறார்கள். வெயிலில் காய்ந்த தகரத்தின் வாடை நான் வரைந்துகொண்டிருந்த அறை வரைக்கும் வந்தது. பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். உன்னிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது.

நாம் இருவரும் ஒரே கான்ட்ராக்டரிடம் பிளான் வரைந்துகொண்டிருந்த காலம். மாநில வாலிபால் போட்டி நம் ஊருக்குக் கிடைத்தது. லாட்ஜ் நிறையும், புரோட்டாக் கடைகள் விடிய விடிய ஓடும், ஊரே செழிக்கும் என்றார்கள். போட்டிக் கமிட்டித் தலைவருக்கு லாட்ஜும் இருந்தது, உப்பளமும் இருந்தது. அவர் எதை ஊர் என்றார் என்று எனக்குத் தெரியும்.

கையில் இருந்த பணத்துக்கு ஒரு பக்கக் கேலரிக்குத்தான் கூரை போட முடியும். நீ கிழக்குப் பக்கத்துக்கு வரைந்து தலைவரிடம் கொண்டுபோனாய், நானும் கூட வந்தேன். ஆட்டமெல்லாம் சாயங்காலம். மேற்கே உட்காருகிறவனுக்கு வெயில் முதுகில், கிழக்கே உட்காருகிறவனுக்குக் கண்ணில். தலைவர் சிரித்தார்.

“ஏ தம்பி, கிழக்க உக்காருறவன் பூரா உப்பு வாருறவன். நாள் முழுக்க வெயில்லதான நிக்கான்? அவனுக்கு எதுக்குய்யா நிழலு? மேக்க மந்திரி உக்காருதாரு.”

என் அப்பா உப்பு வாருகிறவர். அந்த வெள்ளையைப் பார்த்துப் பார்த்தே கண் மங்கிப்போனவர். எதிர்வெயிலில் அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் வாலிபால் என்றால் சோறு வேண்டாம். நான் எழுந்தேன். நீ என் சட்டையைப் பிடித்து இழுத்தாய்.

வெளியே வந்ததும் கத்தினேன். “ஆமாஞ்சாமி போடுதியால?”

“சத்தம் போட்டா வேலதாம்ல போவும். நிழலு வராது” என்றாய்.

மறுநாள் மேற்குக் கூரையை வரைந்தாய். தூண்கள் தேவைக்கு மேல் உயரமாக இருந்தன. ஏன் என்று கேட்டேன். “மந்திரிக்குக் காத்து வரண்டாமா?” என்று சொல்லிவிட்டு, கூரை விளிம்பில் ஸ்கேலை வைத்துச் சரிவாக ஒரு கோடு இழுத்தாய். கோடு ஆடுகளத்தைத் தாண்டி கிழக்குப் பெஞ்சில் போய் விழுந்தது. ஐந்து மணி வெயில் சாயும் கோணம். உடனே ரப்பரால் அழித்தாய். உயரத்தைப் பார்த்துத் தலைவருக்கு ஒரே பெருமை.

அவ்வளவு உயரத்தில் தகரம் போட்டால் மேற்கேயிருந்து அடிக்கிற கச்சான் காற்று சும்மா விடாது. பறந்தால் பழி உன் தலையில். காற்று புகுந்து வெளியேற நடுவில் இடைவெளி விட்டு, தோணிக்காரர்களின் கயிற்றால் இழுத்துக் கட்டினாய். இறுதி ஆட்டத்தன்று கச்சான் எழும்பியது. தகரம் தடதடத்தது. எல்லோரும் பந்தைப் பார்க்க, நீ ஒரு தூணில் கையை வைத்துக்கொண்டு மேலேயே பார்த்து நின்றாய். ஐந்து மணிக்கு நிழல் மெல்ல நகர்ந்து கிழக்கே ஏறியது. அப்பா நெற்றியிலிருந்து கையை எடுத்தார்.

“இன்னைக்குத்தாம்ல பந்து எங்கன விழுதுன்னு பாத்தேன்” என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். உன் கோட்டைப் பற்றி நான் அவரிடம் சொல்லவில்லை. போட்டியால் ஊர் செழித்ததாக மேடையில் பேசினார்கள். ஆட்டம் பார்க்க வந்த நாளுக்கு அளத்தில் கூலி கிடையாது.

அடுத்த மழைக்காலத்துக்குள் மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோய்விட்டது. கூரையைப் பிரித்து யாரோ கொண்டுபோனார்கள்.

இப்போது மறுபடியும் போட்டி வருகிறது. அதே கமிட்டி கூரை வரைய என்னைக் கூப்பிட்டது. கிழக்கே கூரை போடுங்கள் என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். அப்பாவின் கண்ணைச் சொன்னேன். நிழலைத் திருடித்தான் கொடுக்க வேண்டுமா என்று கேட்டேன். வேலையை வேறொருவனுக்குக் கொடுத்துவிட்டார்கள். நீ சொன்னதுதான் நடந்தது. ஆனாலும் நீ செய்தது சரி என்று ஒப்புக்கொள்ள என்னால் முடியவில்லை.

நேற்று அந்தப் புதுப் பையனைத் தேடிப் போனேன். மேற்குக் கூரையைத் தாழ வரைந்திருந்தான். “தூணக் கொஞ்சம் தூக்கிப் போடு தம்பி, பெரிய ஆளுங்க உக்காருத எடம்” என்றேன். “சரி அண்ணாச்சி” என்று உடனே ரப்பரை எடுத்தான். சொன்ன வாய் எனக்குக் கசந்தது. காற்றுக்கு இடைவெளி விடவும் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்தேன்.